நோயை எதிர்க்கும் உடல்: உணவும் உழைப்பும் தரும் காவல்

மாரி தொடங்கிவிட்டால் வீட்டுக்கு வீடு தடிமனும் காய்ச்சலும் வருவது வழமை. அயல் வீட்டுப் பிள்ளைக்கும் நம் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே கிழமையில் தடிமன் பிடிக்கிறது. மூன்றாம் நாள் அந்தப் பிள்ளை எழும்பி முற்றத்தில் விளையாடுகிறது. நம் பிள்ளைக்கோ தடிமன் நெஞ்சுச் சளியாகி, காய்ச்சலாகி, இரண்டு கிழமை பாயில் கிடத்திவிடுகிறது. "கண்ணூறு பட்டுவிட்டது" என்கிறார் அம்மம்மா. "நல்ல டொனிக் ஒன்று வாங்க வேண்டும்" என்று தகப்பன் கடைக்குப் புறப்படுகிறார். "காய்ச்சல் பிள்ளைக்குச் சோறு ஆகாது" என்று தாய் வெறும் கஞ்சித் தண்ணீரோடு நிறுத்திவிடுகிறார். மூவரும் அன்பினாலேதான் இப்படிச் செய்கின்றனர். ஆனால் முதல் இரண்டினாலும் பிள்ளைக்குப் பெரிய நன்மை இல்லை. மூன்றாவதினால் தீமையே உண்டு.

கிருமி ஒன்றாக இருக்க, ஒரு பிள்ளை எழுந்து ஓடுவதும் மற்றது படுத்துக் கிடப்பதும் ஏன்? பிறப்பு, வயது, தடுப்பூசி, முன்பு வந்துபோன நோய்கள் எனக் காரணங்கள் பல. அவற்றுள் பல நம் கையில் இல்லை. ஆனால் நாள்தோறும் நம் கையால் ஆகக்கூடியவை இரண்டு உள்ளன. ஒன்று, அடுப்படியில் நாம் ஆக்கும் உணவு. மற்றது, உடலை அசைத்து நாம் செய்யும் உழைப்பும் விளையாட்டும். இவை இரண்டும் நோயை எதிர்க்கும் ஆற்றலை எவ்வாறு வளர்க்கின்றன, எவ்வாறு குறைக்கின்றன என்பதை இங்கு பார்ப்போம்.

உடலுக்குள் ஒரு காவற்படை

நோயை எதிர்த்து நிற்கும் உடலின் ஆற்றலை நிர்ப்பீடனம் என்கிறோம். ஒரு கோட்டையைக் காப்பது போல இது மூன்று அடுக்குகளாக அமைந்துள்ளது.

முதலாவது அடுக்கு மதில். நமது தோலும், மூக்கு, தொண்டை, சுவாசக் குழாய், குடல் ஆகியவற்றின் உட்புறத்தைப் போர்த்திருக்கும் மெல்லிய சவ்வுகளுமே அந்த மதில். கண்ணீர், எச்சில், சளி, இரைப்பையில் சுரக்கும் அமிலம் ஆகியனவும் இந்த மதிலுக்குத் துணை நிற்கின்றன. பெரும்பாலான கிருமிகள் இங்கேயே தடுக்கப்படுகின்றன.

மதிலைக் கடந்து உள்ளே வரும் கிருமியை இரண்டாவது அடுக்கு எதிர்கொள்கிறது. குருதியில் உள்ள வெண்குழியங்களுள் ஒரு வகை, கிருமியைக் கண்டவுடன் சூழ்ந்து விழுங்கிவிடும். புண்ணில் தோன்றும் சீழ் பெரும்பாலும் இவ்வாறு போராடி மடிந்த வெண்குழியங்களே. இவற்றின் ஆயுள் மிகக் குறுகியது. ஆகவே நமது என்புமச்சை நாள்தோறும் பல்லாயிரம் கோடி வெண்குழியங்களைப் புதிதாக ஆக்கிக்கொண்டே இருக்கவேண்டியுள்ளது.

மூன்றாவது அடுக்கு நினைவாற்றல் உள்ள படை. வெண்குழியங்களுள் இன்னொரு வகை, ஒவ்வொரு கிருமியையும் தனித்தனியாக அடையாளம் கண்டு, அதற்கேற்ற பிறபொருளெதிரிகளை ஆக்குகிறது. ஒருமுறை கண்ட பகைவனை இப்படை எளிதில் மறப்பதில்லை. 1796ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வைத்தியர் எட்வேட் ஜென்னர் பசுவின் அம்மைப்பாலை ஒரு சிறுவனுக்கு ஏற்றி, பெரியம்மையிலிருந்து அவனைக் காத்தது இந்த நினைவாற்றலைப் பயன்படுத்தியே. அன்று தொடங்கிய வழியில் சென்றுதான் 1980ஆம் ஆண்டு உலகிலிருந்தே பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

இந்தப் படைக்குத் தனியான களஞ்சியம் எதுவும் இல்லை. நாம் உண்ணும் உணவிலிருந்தே அது தன் வீரர்களை ஆக்குகிறது. பிறபொருளெதிரிகள் அனைத்தும் புரதங்களே. குழியங்கள் பெருகுவதற்கு இரும்பும் நாகமும் விற்றமின்களும் வேண்டும். காய்ச்சல் காய்வதற்கும் எரிபொருள் வேண்டும்; உடல் வெப்பம் ஒரு பாகை செல்சியசு ஏறினால், உடலின் சக்திச் செலவு ஏறத்தாழப் பத்து வீதமாவது கூடுகிறது. வீட்டில் அரிசி இல்லாத நாளில் விருந்தினர் வந்தது போன்றதுதான் சத்தில்லாத உடலில் நோய் வருவதும்.

பசியும் பிணியும் சுற்றும் வட்டம்

1968ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் ஒரு நூலை வெளியிட்டது. ஸ்கிறிம்ஷோ, ரெய்லர், கோர்டன் என்னும் மூன்று அறிஞர்கள் எழுதிய அந்நூல், போசாக்கும் தொற்றுநோயும் ஒன்றையொன்று எவ்வாறு பாதிக்கின்றன என்பதை விரிவாக ஆராய்ந்தது. மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலா நாட்டுக் கிராமங்களில் கண்டறிந்தவையும் அதற்கு அடிப்படையாக இருந்தன. அவர்கள் சொன்னதன் சாரம் இது: சத்துக் குறைந்த பிள்ளைக்கு நோய் எளிதில் பற்றுகிறது, கடுமையாகவும் வருகிறது. நோய் வந்த பிள்ளைக்குப் பசி குறைகிறது. உண்டதும் வயிற்றோட்டத்தில் போய்விடுகிறது. உள்ள சத்தையும் காய்ச்சல் எரித்துவிடுகிறது. ஆகவே அந்த நோய் பிள்ளையை இன்னும் சத்தற்றதாக்கிவிட்டுப் போகிறது. அடுத்த நோய்க்கு வாசல் இன்னும் அகலமாகத் திறக்கிறது.

பசி பிணியை அழைக்கிறது, பிணி பசியை வளர்க்கிறது. இந்த வட்டத்துக்குள் சிக்கிய பிள்ளை சின்னமுத்தினாலோ சளிக்காய்ச்சலினாலோ வயிற்றோட்டத்தினாலோ இறந்துபோனால், மரணப் பதிவில் அந்த நோயின் பெயரே எழுதப்படுகிறது. பின்னால் நின்ற பசியின் பெயர் எழுதப்படுவதில்லை.

இதற்கு முன்பே, 1930களில், இன்று கானா என்று அழைக்கப்படும் ஆபிரிக்க நாட்டில் பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் வைத்தியர், கால்கள் வீங்கி, தலைமயிர் நிறம் மாறி, தோல் உரிந்து இறக்கும் சிறு பிள்ளைகளைக் கண்டார். அந்நாட்டுத் தாய்மார் அந்நோயை 'குவாஷியோர்க்கர்' என்றனர். அடுத்த குழந்தை பிறந்ததும் தாயின் மார்பிலிருந்து விலக்கப்பட்ட மூத்த பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் கருத்து. தாய்ப்பால் நின்றதும் அப்பிள்ளைக்குக் கிடைத்தது சோளக்கூழ் மட்டுமே. வயிறு நிறைந்தது, ஆனால் உடலை ஆக்கும் பொருள் கிடைக்கவில்லை. வெறும் மாச்சத்தினால் வயிற்றை நிரப்பிவிட்டால் பிள்ளை வளர்ந்துவிடும் என்று எண்ணுவோருக்கு இது ஒரு பாடம்.

போசாக்குக் கடுமையாகக் குறையும்போது, நெஞ்சென்பின் பின்னால் உள்ள தைமசுச் சுரப்பி சுருங்கிவிடுகிறது. வெண்குழியங்களுள் ஒரு முக்கிய வகை பயிற்சி பெறும் பாடசாலை அதுவே. பாடசாலை மூடப்பட்டால் படை எங்கே பயிலும்?

கீரை கண்ணுக்கு மட்டுமா?

கீரை தின்றால் கண் தெரியும் என்பது நம் ஊர் அறிந்த உண்மை. விற்றமின் ஏ குறைந்தால் முதலில் மாலைக்கண் வரும். குறை முற்றினால் பார்வையே போய்விடும். ஆனால் அந்த விற்றமினுக்குக் கண்ணோடு மட்டும் வேலையில்லை. நாம் மேலே சொன்ன மதில், அதாவது மூக்கு முதல் குடல் வரையுள்ள சவ்வு, செழிப்பாக இருப்பதற்கும் அது வேண்டும்.

அல்பிரட் சோமர் என்னும் அமெரிக்கக் கண் வைத்தியர் இந்தோனேசியாவில் பிள்ளைகளின் கண்களை ஆராய்ந்தபோது, மாலைக்கண் உள்ள பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளைவிட அதிகமாக இறப்பதைக் கவனித்தார். ஆகவே சுமாத்திராத் தீவின் ஆச்சே மாகாணத்தில் 450 கிராமங்களை எடுத்து, ஒரு பகுதிக் கிராமங்களில் பாலர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை விற்றமின் ஏ கொடுக்கச் செய்தார். 1986ஆம் ஆண்டு வெளியான முடிவு வைத்திய உலகை வியக்கச் செய்தது. மருந்து பெற்ற கிராமங்களில் பாலர் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பின்னர் வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகள் சிலவற்றில் பயன் இதைவிடக் குறைவாகவே காணப்பட்டது. குறை உள்ள இடத்திலேதான் கொடுப்பது பயன் தரும் என்பது இதிலிருந்து தெளிவு. நிறைந்த குடத்தில் மேலும் நீர் வார்த்தால் வழிந்து ஓடுமே தவிர நிற்காது.

முருங்கையிலை, அகத்தி, பொன்னாங்காணி, பசளி, பப்பாப்பழம், மாம்பழம், பூசணி, கரட் ஆகியவற்றிலிருந்து நம் உடல் விற்றமின் ஏயை ஆக்கிக்கொள்கிறது. இதற்குச் சிறிது கொழுப்பும் வேண்டும். ஆகவே கீரையைத் தேங்காய்ப்பால் விட்டுக் கடைவதும், தேங்காய்ப்பூப் போட்டு வறுப்பதும் சுவைக்காக மட்டுமல்ல, சத்துக்காகவுமே. மீன், முட்டை, ஈரல் ஆகியவற்றில் இந்த விற்றமின் நேரடியாகவே உண்டு. விற்றமின் ஏயை மருந்தாகக் கொடுக்கும்போது மட்டும் சிகிச்சை நிலையத்தில் சொல்லும் அளவை மீறக்கூடாது. மிகுந்தால் அது நஞ்சாகும்.

காய்ச்சல் பிள்ளைக்குப் பட்டினி போடலாமா?

தாய்மார் இதனைக் கவனமாக வாசிக்க வேண்டுகிறோம். காய்ச்சல், சின்னமுத்து, வயிற்றோட்டம் வந்த பிள்ளைக்கு மீன் ஆகாது, முட்டை ஆகாது, பால் ஆகாது என்று ஒன்றன்பின் ஒன்றாக விலக்கி, கடைசியில் தேத்தண்ணீரும் விசுக்கோத்துமாக ஒரு கிழமை கழிப்பது பல வீடுகளில் இன்றும் உண்டு. மேலே சொன்ன வட்டத்துக்குள் நாமே பிள்ளையைத் தள்ளிவிடுவது இந்த இடத்திலேதான்.

நோயுற்ற பிள்ளைக்குப் பசி குறைவது இயல்பு. வற்புறுத்தித் திணிக்க வேண்டியதில்லை. ஆனால் கொடுக்காமல் விடவும் கூடாது. மூன்று வேளை உணவை ஆறு வேளையாகப் பிரித்து, சிறிது சிறிதாகக் கொடுங்கள். குழைத்த சோறும் பருப்பும், பயற்றங் கஞ்சி, மசித்த வாழைப்பழம், அவித்த முட்டை, முள் நீக்கிய மீன் ஆகியவற்றில் பிள்ளை விரும்புவதைக் கொடுக்கலாம். தாய்ப்பால் குடிக்கும் சிசுவுக்கு அதை ஒருபோதும் நிறுத்தக்கூடாது. வயிற்றோட்டம் உள்ள பிள்ளைக்கு 'ஜீவனி' போன்ற உப்புக் கரைசலைக் கொடுப்பதோடு உணவையும் தொடரவேண்டும். நாகச் சத்து மருந்தை 10 முதல் 14 நாள் வரை கொடுத்தால் வயிற்றோட்டம் விரைவில் நிற்கும் என்று 2004ஆம் ஆண்டு முதல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப் நிறுவனமும் கூறிவருகின்றன. வைத்தியரிடம் இதைக் கேட்டுப் பெறுங்கள்.

நோய் மாறிய பின் இன்னொரு கடமை உண்டு. நோய் தின்ற சத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டு கிழமைக்காவது நாளுக்கு ஒரு வேளை உணவைக் கூடுதலாகக் கொடுங்கள். அந்த நாட்களில் பிள்ளைக்குப் பசி நன்றாக எடுக்கும். 'இப்போதுதானே தின்றாய்' என்று அப்போது தடுப்பது பிழை.

முதலாவது தடுப்பு மருந்து

சிசு பிறந்ததும் தாய்க்குச் சுரக்கும் மஞ்சள் நிறப் பாலைச் சீம்பால் என்பர். அது பழுதான பால் என்று சொல்லிப் பீய்ச்சி ஊற்றிய காலமும் இருந்தது. உண்மையில் அதில் தாயின் பிறபொருளெதிரிகள் செறிந்துள்ளன. அவை சிசுவின் குடற்சுவரில் காவலாக நிற்கின்றன. தாய் வாழும் அதே வீட்டின், அதே ஊரின் கிருமிகளை எதிர்க்கக் கூடியவை அவை. எந்தத் தகரப்பாலிலும் இது இல்லை. ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீரும் வேண்டியதில்லை. அதன்பின் இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் மற்ற உணவுகளுடன் தாய்ப்பாலையும் கொடுத்துவரலாம்.

ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட காலமே ஆபத்து நிறைந்தது. தாயிடமிருந்து வந்த காவல் குறைகிறது. பிள்ளை தவழ்ந்து கண்டதையும் வாயில் வைக்கிறது. உணவோ தண்ணீர்க் கஞ்சியாக இருக்கிறது. இக்காலத்தில் பிள்ளையின் உணவு கரண்டியிலிருந்து வழிந்தோடாத அளவுக்குத் தடிப்பாக இருக்கவேண்டும். 1973ஆம் ஆண்டு நம் நாட்டில் ஆரம்பிக்கப்பட்ட திரிபோஷாத் திட்டம் இத்தகைய பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மாரையும் கருதியே அமைந்தது. வீட்டில் எல்லோரும் பகிர்ந்து தின்றுவிட்டு, உரிய பிள்ளைக்கு ஒரு பிடி மட்டும் கொடுப்பது அந்தப் பிள்ளையின் பங்கை எடுப்பதற்குச் சமம்.

விலையால் மதிப்பிட வேண்டாம்

2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில், உணவின் விலை ஒரே ஆண்டில் ஏறக்குறைய இரு மடங்கானதை நாம் மறக்கமாட்டோம். அந்நாட்களில் பல வீடுகளில் முதலில் குறைந்தது மீனும் முட்டையும் பருப்பும். குறையாமல் நின்றது சோறும் பாணும். வயிற்றை நிரப்புவது முதற்கடமையாகும்போது இப்படி நேர்வது இயல்பே. எனினும் காசு குறைவாக இருக்கும்போதுதான், எந்தக் காசுக்கு எந்தச் சத்து என்று கணக்குப் பார்ப்பது அவசியமாகிறது.

நெத்தலி, சூடை போன்ற சிறுமீன்களில் பெரிய மீன்களுக்குக் குறையாத புரதம் உண்டு. முள்ளோடு உண்பதால் கல்சியமும் கிடைக்கிறது. சோற்றோடு பருப்பு, உழுந்து, பயறு, கௌபி, கடலை ஆகியவற்றுள் ஒன்றைச் சேர்த்தால், சோற்றில் குறையும் புரதப் பகுதியை அது நிறைவு செய்கிறது. குரக்கனிலும் ஒடியல் மாவிலும் நார்ச்சத்து மிகுதி. ஒடியற்கூழில் நம் முன்னோர் மீனும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் கீரையும் சேர்த்தது எவ்வளவு பொருத்தமானது! மா, புரதம், கனியுப்பு, விற்றமின் எல்லாம் ஒரே பானையில் அடங்கிவிடுகின்றன.

சமையல் முறையிலும் கவனம் வேண்டும். விற்றமின் சீ சூட்டில் அழியும். ஆகவே சொதியை இறக்கிய பின் தேசிக்காய்ப் புளி விடும் வழக்கம் மிக நல்லது. கீரையை அரியமுன் கழுவுங்கள். அரிந்தபின் கழுவினால் சத்து நீரோடு போய்விடும். உணவோடு சேர்த்துத் தேநீர் குடித்தால் இரும்புச் சத்து உடலில் சேர்வது குறையும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். நம் வளவில் காய்க்கும் ஒரு கொய்யாப்பழத்தில், கடையில் வாங்கும் தோடம்பழத்தைவிட விற்றமின் சீ பல மடங்கு உண்டு. கொய்யாவை அணிலுக்கு விட்டுவிட்டுத் தோடம்பழத்துக்குக் காசு கொடுப்பது ஏன்?

டொனிக் போத்தலைப் பற்றியும் ஒரு வார்த்தை. இருமுறை நோபல் பரிசு பெற்ற லைனஸ் போலிங் என்னும் பேரறிஞர், விற்றமின் சீயைப் பேரளவில் உட்கொண்டால் தடிமன் வராது என்று 1970ஆம் ஆண்டு நூல் எழுதினார். உலகமே அந்தக் குளிசையை வாங்கி விழுங்கியது. பின்னர் பல நாடுகளில் ஆராய்ந்து பார்த்தபோது, சாதாரண மக்களுக்குத் தடிமன் வருவதை அது தடுக்கவில்லை. ஒழுங்காக எடுத்தவர்களுக்கு நோய் நீடிக்கும் காலம் சிறிது குறைந்தது, அவ்வளவே. பேரறிஞர் சொன்னாலும் பரீட்சித்துப் பார்த்தே ஏற்கவேண்டும். குருதிச்சோகை போன்ற குறை இருந்தால் வைத்தியர் தரும் மருந்து அவசியம். குறை இல்லாதவருக்கு டொனிக் வெறும் செலவே.

உடலை அசைத்தால் காவற்படை விழிக்கும்

இனி உடலுழைப்புக்கு வருவோம். வேகமாக நடக்கும்போதும், ஓடி விளையாடும்போதும், சைக்கிள் மிதிக்கும்போதும் இதயம் விரைந்து துடிக்கிறது. குருதி வேகமாகப் பாய்கிறது. அப்போது, குருதிக் குழாய்களின் சுவரிலும் மண்ணீரலிலும் தங்கியிருந்த வெண்குழியங்கள் புறப்பட்டு உடலெங்கும் சுற்றி வருகின்றன. ஓய்ந்த சிலமணி நேரத்தில் அவை மீண்டும் தம் இடங்களுக்குச் செல்கின்றன. இது இரவுக் காவலர் ஊரைச் சுற்றி வருவது போன்றது. ஒருநாள் சுற்றினால் போதாது. நாள்தோறும் சுற்றினால்தான் கள்வன் அகப்படுவான். இன்னொரு நன்மையும் உண்டு. வெண்குழியங்கள் பயணம் செய்யும் நிணநீருக்கு, குருதிக்கு இருப்பது போன்ற இதயம் இல்லை. தசைகள் சுருங்கி விரியும்போதே அது நன்கு ஓடுகிறது.

அமெரிக்காவில் ஆயிரம் பெரியவர்களைப் பன்னிரண்டு கிழமை கவனித்து 2011ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில், கிழமைக்கு ஐந்து நாளோ அதற்கு மேலோ தேகாப்பியாசம் செய்தவர்கள் தடிமன், தொண்டைநோவுடன் கழித்த நாட்கள், அசையாதிருந்தவர்களைவிட 43 வீதம் குறைவாக இருந்தன. மருந்துக்கடையில் இத்தகைய குளிசை ஒன்று இருந்தால் வரிசையில் நின்று வாங்குவோம் அல்லவா?

ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரி ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டல். பெரியவர்களுக்குக் கிழமையில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பு வேண்டும். ஆனால் நம் பிள்ளைகளின் நாள் எப்படிக் கழிகிறது? காலையில் பாடசாலை, பின்னேரம் ரியூசன், இரவில் வீட்டுப்பாடம், இடையில் கைத்தொலைபேசி. ஐந்தாந்தரப் புலமைப் பரிசிலுக்காகப் பத்து வயதுப் பிள்ளையின் விளையாட்டை நிறுத்திவிடுகிறோம். கிளித்தட்டும் எட்டுக்கோடும் கிட்டியும் வீண்பொழுது அல்ல. படிக்கிற மூளைக்கும் நோயை எதிர்க்கும் உடலுக்கும் அவை உரம். பிள்ளைக்குப் பாடசாலை நாள் நோயில் போனால் எந்த ரியூசன் அதை ஈடுசெய்யும்?

அளவுக்கு மிஞ்சினால்

அமுதமும் அளவுக்கு மிஞ்சினால் நஞ்சு என்பது தேகாப்பியாசத்துக்கும் பொருந்துமா? 1987ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் நகர மரதன் ஓட்டத்தில் கலந்துகொண்டவர்களை ஆராய்ந்தனர். ஓடி முடித்தவர்களுள் ஏறக்குறைய 13 வீதத்தினருக்கு அடுத்த ஒரு கிழமைக்குள் தடிமன் போன்ற நோய் வந்ததாம். பயிற்சி பெற்றும் அன்று ஓடாதவர்களுள் 2 வீதத்தினருக்கே வந்தது. கடும் ஓட்டம் காவலைச் சில மணி நேரம் தளர்த்துகிறது என்று பலர் முடிவு செய்தனர். அண்மைக் காலத்தில் வேறு அறிஞர்கள் இதை மறுத்து, சனநெரிசலும் பயணக் களைப்பும் தூக்கக் குறைவுமே காரணமாகலாம் என்கின்றனர். வாதம் எதுவாயினும், சாதாரண குடும்பத்தவர்களாகிய நமக்கு இது ஒரு பயமாக இருக்கத் தேவையில்லை. நமது குறை கூடிய ஓட்டமல்ல, கூடிய இருக்கையே.

ஆனால் ஒன்றில் கண்டிப்பாக இருங்கள். காய்ச்சலோ உடல்நோவோ நெஞ்சு நோவோ உள்ளபோது ஓடவோ விளையாடவோ கூடாது. 'வியர்த்தால் காய்ச்சல் விடும்' என்று பிள்ளையை ஓடவிடுவது ஆபத்து. சில வேளை நோய் இதயத் தசையைத் தாக்கியிருக்கலாம். இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கினாலும், காய்ச்சல் மாறிச் சில நாள் சென்ற பின்னரே பயிற்சிக்கு அனுப்புங்கள்.

தூக்கத்தையும் இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும். அமெரிக்காவில் 153 பேருக்கு அவர்களின் சம்மதத்தோடு மூக்கில் தடிமன் கிருமியை இட்டு ஆராய்ந்தனர். ஏழு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்குவோருக்கு, எட்டு மணி நேரமும் அதற்கு மேலும் தூங்குவோரைவிடத் தடிமன் பிடிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2009ஆம் ஆண்டு தெரிவித்தனர்.

அப்பப்பாவின் சைக்கிள்

வயது ஏற ஏறத் தைமசுச் சுரப்பி தானாகவே சுருங்கும். ஆகவேதான் முதியவர்களைத் தொற்றுநோய் எளிதில் வீழ்த்துகிறது. இங்கிலாந்தில் 55 முதல் 79 வயது வரையுள்ள, நெடுங்காலம் சைக்கிள் ஓடிவந்த 125 பேரை ஆராய்ந்து 2018ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவில், அவர்களின் குருதியில் தைமசுச் சுரப்பி புதிதாக ஆக்கிய வெண்குழியங்கள் இளைஞருக்கு நிகரான அளவில் காணப்பட்டன. அதே வயதில் அசையாது வாழ்ந்தோரிடம் அவை குறைந்திருந்தன. சந்தைக்கும் வயலுக்கும் சைக்கிளில் போய்வந்த நம் பாட்டன்மாரை இது நினைவூட்டுகிறதல்லவா? இன்று பக்கத்துக் கடைக்கும் மோட்டார் சைக்கிளைத் தள்ளுகிறோம்.

பெரியவர்களுக்குக் குறைந்த உணவு மட்டுமல்ல, மிகுந்த உணவும் பகையே. உடற்பருமனும் நீரிழிவும் வெண்குழியங்களின் வேலையைக் கெடுக்கின்றன. நீரிழிவுக்காரரின் காலில் சிறு காயம் ஆறாத புண்ணாவதை நாம் காண்கிறோம். 2019ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கிய கொரோனாத் தொற்றிலும் இவர்களே அதிகம் துன்புற்றனர். ஒரே வீட்டில் பேரப்பிள்ளை மெலிந்தும் தகப்பன் பருத்தும் இருப்பதுண்டு. இருவருக்கும் ஒரே சட்டியிலிருந்து மருந்து கிடைக்கும்: சோற்றைக் குறைத்துக் கறியைக் கூட்டுவது.

பருப்பும் அரிசியும் தடுத்த நோய்

முடிவாக, அண்மையில் நம் அயல்நாட்டில் கண்ட ஒரு சான்று. இந்தியாவின் ஜார்க்கண்ட் மாநிலத்தில், சயரோகம் எனப்படும் காசநோய் உள்ளவர்களின் வீடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. நோயாளியோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் இதில் அடங்கினர். ஒரு பகுதி வீட்டாருக்கு மாதந்தோறும் ஆளுக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, விற்றமின் குளிசைகள் கொடுக்கப்பட்டன. 2023ஆம் ஆண்டு வெளியான முடிவின்படி, அவ்வீடுகளில் புதிதாகக் காசநோய் வந்தது 39 வீதம் குறைந்தது. நுரையீரலைத் தாக்கிப் பிறருக்குப் பரவக்கூடிய வகை 48 வீதம் குறைந்தது. நோயாளி அருகிலேயே இருமிக்கொண்டிருந்தார். காற்றில் கிருமியும் இருந்தது. ஆனால் அரிசியும் பருப்பும் உண்ட உடல் அதை எதிர்த்து நின்றது.

உணவும் உழைப்பும் தடுப்பூசிக்கு மாற்றீடு அல்ல என்பதையும் மறக்கவேண்டாம். தடுப்பூசி படைக்குப் பகைவனைக் காட்டிக் கொடுக்கிறது. உணவு படையை ஆக்குகிறது. உழைப்பு அதை விழித்திருக்கச் செய்கிறது. மூன்றும் வேண்டும்.

முற்றத்தில் ஒரு முருங்கை, வளவில் ஒரு கொய்யா, கிழமையில் சில நாள் சிறுமீன், நாள்தோறும் ஒரு கீரை, பின்னேரத்தில் ஒரு மணி நேர விளையாட்டு, நேரத்துக்குத் தூக்கம். இவை எந்தக் குடும்பத்துக்கும் எட்டாதவை அல்ல. அடுத்த மாரியில் காய்ச்சல் வரும், வராமல் இராது. வந்த காய்ச்சல் மூன்றாம் நாள் போய்விடுவதா, இரண்டு கிழமை தங்குவதா என்பதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு.

குடும்பமாகக் கலந்துரையாட

1. சென்ற முறை நம் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது எவற்றை உண்ணக்கூடாது என்று விலக்கினோம்? அவற்றை விலக்கியது சரியா?

2. நம் வீட்டில் மீனும் முட்டையும் முதலில் யாருடைய கோப்பைக்குப் போகின்றன? கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கும் உரிய பங்கு கிடைக்கிறதா?

3. டொனிக்குக்கும் தகரமாவுக்கும் மாதம் எவ்வளவு செலவிடுகிறோம்? அதே காசுக்கு எத்தனை முட்டை, எவ்வளவு பயறு வாங்கலாம்?

4. நம் பிள்ளைகள் நேற்று எத்தனை நிமிடம் ஓடி விளையாடினார்கள்? நாம் எவ்வளவு தூரம் நடந்தோம்?

5. பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் நிறைக்கோடு மேலே ஏறுகிறதா, மட்டமாகச் செல்கிறதா? மட்டமாகச் சென்றால் குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடம் காரணம் கேட்டோமா?